சுடாத யானையின் காது

செவ்வாய்க்கிழமை, இரவு.

அக்கா மகள் செல்வி முழுகாமல் இருப்பதை எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடித்தவன் நான்தான். டீ வாசனைக்கு அவள் மூக்கைச் சுளித்த அன்றே சொன்னேன். வாந்தி வரும், தூக்கமாய்த் தள்ளும், மண் தின்ன ஆசை வரும் என்றேன். எல்லாம் அப்படியே நடக்கிறது.

இன்று எங்கள் பொம்மைப் பட்டறையில், இன்னும் சூளையில் சுடாத யானைப் பொம்மையின் காதை ஒடித்து அவள் வாயில் போட்டுக்கொண்டதைப் பார்த்துவிட்டேன்.

"மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல? நாளைக்கு நர்ஸம்மாவக் கேக்கலாம்னு இருக்கேன்."

"நர்ஸம்மா எதுக்குடி? உங்க அத்த மாசமா இருந்தப்ப முழு யானையையே தின்னா. என் மவன், உன் மச்சான், எப்படி இருக்கான் பாரு, கம்மாபுரத்து எருமையாட்டம்!"

சிரித்தாள். "அப்படின்னா கேக்கல மாமா" என்று தும்பிக்கையையும் ஒடித்துக்கொண்டாள்.

அப்போது பெருமையாகத்தான் இருந்தது. இப்போது தூக்கம் வரவில்லை. அந்த மண்ணில் என்னென்ன கலக்கிறார்கள் என்று எனக்கே முழுதாகத் தெரியாது. காலையில் நானே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். போகும் வழியில் சொல்லியாக வேண்டும், அவள் அத்தை ஒருநாளும் மண் தின்றதில்லை என்று.