ஸ்கேன் சென்டருக்குப் போனது ஏன்

திருப்பதி,
22.8.1999

அன்புள்ள மாமாவுக்கு, தேவயானி எழுதுவது.

ஆமாம், போனேன். அது ஸ்கேன் சென்டர்தான். ஆட்டோக்காரர் செங்கல்வராயன் பார்த்ததும் என்னைத்தான். நம் ஊர்க்காரர் என்பதால் வழக்கமாக, "ஏம்மா தேவி, ஏர்றியா, ஆஸ்டல்ல உட்டுட்றேன்" என்பார். அன்று என்னைக் கண்டதும் குனிந்து டயரைப் பார்த்தார். டயரில் ஒன்றுமில்லை. அப்போதே சந்தேகப்பட்டேன்.

குவைத்திலிருந்து உங்கள் கடிதம் நேற்று வந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று அதில் இல்லை. எதற்குப் போனாய், யாருடன் போனாய். அவ்வளவுதான். நான் போய் வந்த மூன்றாம் நாள் தேதி போட்டிருக்கிறது. அதற்குள் அங்கே செய்தி வந்திருக்கிறது என்றால் யாரோ போன் செய்திருக்கிறார்கள். தன் கால் எலும்பு முறிந்தபோதுகூட அத்தை, பெற்ற பிள்ளை உங்களுக்குப் போன் செய்யவில்லை. ஒரு நிமிஷத்துக்கு அவ்ளோ துட்டா என்று புத்தூர் பூத்திலிருந்து திரும்பி வந்தவள். இதற்குப் போன் செய்திருக்கிறாள்.

அந்த வாசலில் ஒரு போர்டு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லமாட்டோம் என்று தெலுங்கில் எழுதியிருக்கிறது. கல்யாணமாகாத பெண் அந்தப் போர்டைத் தாண்டி வெளியே வந்தால் பார்ப்பவர்கள் வேறென்ன நினைப்பார்கள். நானே நினைத்திருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை விடுதிக்கு வந்தாள். எள்ளுருண்டை கொண்டு வந்திருந்தாள். "துன்னு, ஆஸ்டல்ல என்னாத்த போட்றான். மூஞ்சி வெளுத்துக்கினு கீது" என்றாள். நான் கையில் எடுத்ததிலிருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எள் சூடு, வயிற்றுப் பிள்ளைக்காரி தொடமாட்டாள் என்பது எனக்கும் தெரியும். தின்றேன். மறுபடி ஒன்று எடுத்துத் தின்றேன். அத்தையின் முகம் தெளியவில்லை, இன்னும் இருண்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. கலைக்கத்தான் தின்கிறேன் என்று நினைத்துவிட்டாள். தின்னாமல் இருந்திருந்தால் கர்ப்பம். தின்றால் கலைப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததையும் அத்தை பார்த்தாள்.

கூட வந்தவள் சுமித்ரா, என் அறைத்தோழி. நான் வெளியே வந்தபோது மாத்திரை வாங்கப் போயிருந்தாள். அதனால் தனியாக நின்றேன். யாருடன் என்பதற்கு இதுதான் பதில்.

எதற்கு என்பதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்ல முடியும்.

பல்கலைக்கழகத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். எல்லாப் பெண்களின் நெஞ்சிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்து எடுத்த டாக்டர் என்னிடம் மட்டும் எடுக்கவில்லை. திரும்பி உட்காரச் சொன்னார். மறுபடி வைத்தார். இதயத்தில் ஒரு சத்தம் கூடுதலாகக் கேட்கிறது, எக்கோ எடுத்துப் பார் என்றார். நான் நம்பவில்லை. சுமித்ராவும், "ஆள் புடிச்சு அனுப்பறதுக்குத்தான் கேம்ப்பே போடறாங்கடி" என்றாள். ஆனால் திருமலைக்கு நடந்து ஏறியபோது நடுவழியில் இருக்கும் காளி கோபுரத்துக்கு முன்னாலேயே நான் உட்கார்ந்துவிட்டது அவளுக்கு நினைவிருந்தது. எனக்கும்.

எக்கோ என்பதும் ஸ்கேன்தான். வயிற்றுக்குப் பதில் நெஞ்சு. மெஷின் ஒன்றுதான், அந்தக் குளிர்ந்த பசையும் ஒன்றுதான். அதனால்தான் அந்த இடத்துக்கே போகவேண்டி வந்தது.

இருட்டறை. பெண் டாக்டர். "எடம வைப்பு படுக்கோம்மா" என்றார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். பசை தடவிய ஒரு சிறு கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே அழுத்தினார். ஊசி இல்லை. கரண்ட் இல்லை. எக்ஸ்ரேயும் இல்லை. காதுக்குக் கேட்காத சத்தம் உள்ளே போய்ப் பட்டுத் திரும்புகிறதாம். அதை வைத்து மெஷின் படம் போடுகிறது. அழுத்தும் இடத்தில் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். மூச்சை விட்டு நிறுத்து என்பார். நிறுத்துவேன்.

திரையில் சிவப்பும் நீலமும் வந்தது. நீலம் கெட்ட ரத்தமா என்று கேட்டேன். இல்லை, கருவியை நோக்கி வருவது சிவப்பு, விலகிப் போவது நீலம், திசைதான் என்றார். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினார். ஈர ரோட்டில் பஸ் போகிற மாதிரி ஒரு இரைச்சல். அது என் ரத்தம் போகிற சத்தம் என்றார். அதன் பிறகு ஒரே இடத்தை அளந்தார், மறுபடி அளந்தார். பேசாதவர்களை நான் நம்புவதில்லை. என்ன என்று கேட்டேன்.

இதயத்துக்குள் ரத்தம் போகும் வழியில் கதவு போல ஒன்று இருக்கிறது. வால்வு. எனக்கு அது தடித்துவிட்டது. முழுதாகத் திறப்பதில்லை. சின்ன வயதில் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்ததா, மூட்டு வீங்கியதா என்று கேட்டார். வந்தது. நீங்கள்தான் என்னை சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டீர்கள். வளர்கிற பிள்ளை, கால் வலிக்கத்தான் செய்யும் என்றார் நைனா. யாருக்கும் தெரியாது அப்போது.

இப்போது பெரிய ஆபத்து இல்லை. மாதாமாதம் ஊசி. கல்யாணம் செய்துகொள்ளலாம். பிள்ளை பெறுவதற்கு முன்பு மட்டும் மறுபடி இதே எக்கோ எடுத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டிக்கொள்கிறவரிடம் மறைக்காதே என்றார்.

எள்ளுருண்டை தின்ற அன்றே, "ஹார்ட்டுன்னு சொல்லிடுடி" என்றாள் சுமித்ரா. சொல்லவில்லை. யோசித்தேன். வயிறு என்று சந்தேகப்பட்டால் நாலைந்து மாதத்தில் தானாகத் தீர்ந்துவிடும். நெஞ்சு தீராது. நெஞ்சில் ஓட்டை, பிள்ளை பெறமாட்டாள் என்பார்கள். ஓட்டை இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது. அதனால் அத்தை என்ன நினைக்கிறாளோ நினைக்கட்டும் என்று விட்டேன். ஒழுக்கம் கெட்டவள் என்ற பேர் எனக்கு லேசாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது.

விசாவுக்கு முன்னால் சென்னையில் உங்களுக்கு மெடிக்கல் எடுத்தார்கள். சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தான் என்று எழுதியிருந்தீர்கள். யாருடன் போனீர்கள் என்று நான் கேட்கவில்லை.

தையில் வருகிறீர்கள், தையில் கல்யாணம் என்று பேச்சு. இனி அது உங்கள் கையில். வேண்டாம் என்றால் நெஞ்சுக்காக வேண்டாம் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வேன். மற்றதற்காக என்று சொல்லாதீர்கள். உங்கள் அம்மாவும் என் நைனாவும் கூடப் பிறந்தவர்கள். அவர்கள் மறுபடி ஒரே பந்தியில் உட்காரவேண்டும்.

வெயிலில் வண்டி ஓட்டுகிறீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். உங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். அடுத்த கடிதத்தில் முதல் வரியாக, எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேளுங்கள். மீதியைப் பிறகு எழுதலாம்.

இப்படிக்கு,
தேவயானி

இன்னும் ஒன்று. இதை ஒட்டாமல் பையில் வைத்துக்கொண்டு காலையில் ஸ்கேன் சென்டருக்குப் போனேன். ஒரு தடவை அளந்ததை நான் முழுதாக நம்பவில்லை, மறுபடி பார்க்கவேண்டும் என்றேன். அறைக்குள் கூட ஒருவர் நின்று திரையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பார்க்கலாம், பேர் சொல்லு என்றாள் கவுண்டரில் இருந்த பெண். வெங்கடம்மா என்றேன். என்ன உறவு என்று கேட்டாள். மாமியார் என்று சொன்னேன். எழுதிக்கொண்டாள். இதைத் தபாலில் போட்டுவிட்டு, அத்தையை அழைத்து வர புத்தூர் பஸ் ஏறுகிறேன்.