இடது பெடல்

மார்ச் 4, புதன்
தங்கை மகளுக்குத் திங்கட்கிழமை முதல் ஆஸ்பத்திரி சமையற்கூடத்தில் வேலை. விடியற்காலை ஷிப்ட். அந்நேரத்துக்கு பஸ் கிடையாது, சைக்கிள்தான் கதி. அதில் இடது பெடல் ஆடுகிறது. தெருமுனை சைக்கிள் கடைக்காரன் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வாங்க" என்றான். ஒரு பெடலுக்கு இரண்டு நாளா? கொண்டை ஊசியை வைத்து லாரி எஞ்சினையே கிளப்பியவன் நான். (வேன்தான். ஆனால் பெரிய வேன்.) சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 5
நானே முடித்தேன். வலப்பக்கம் திருகத் திருகக் கழன்று கையோடு வந்தது. மட்டமான சரக்கு. மறுபடி வைத்து, ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று அழுத்தினேன். கர்ரக். இறுகிவிட்டது.
"மாமா, கடையிலேயே குடுத்திருக்கலாமே" என்றாள். சிரித்தேன்.

மார்ச் 6
பெடல் நடுரோட்டில் விழுந்தது. அவளும். முழங்கையில் சிராய்ப்பு.

மார்ச் 7, சனி
கண்ணாடி போட்ட பெரிய கடைக்குப் போனோம். ஏசி உண்டு, மூளை கிடையாது. கழுத்தில் பட்டை மாட்டிய ஒருத்தன், சைக்கிளைத் தொடாமலே, "இது பழசு சார், புதுசு பாருங்க" என்றான். நான் கேட்ட கேள்வியில் கடையே ஸ்தம்பித்தது. இரண்டு பேர் கை தட்டியதாக ஞாபகம்.

வேறு வழியில்லை, முனைக்கடை. அவன் பெடல் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தான்.

"எந்த மகராசன் இதுல கை வெச்சது?"

"பெரிய கடையில" என்றேன்.

"இடது பெடலை எதிர்ப்பக்கமாத்தான் திருகணும். மரையெல்லாம் தின்னு வெச்சிருக்கான். பெடல் மாட்டுற கிராங்கையே மாத்தணும்."

எதிர்ப்பக்கமாம். உலகத்துத் திருகாணியெல்லாம் ஒரு பக்கம், இவன் வீட்டுப் பெடல் மட்டும் இன்னொரு பக்கம். நம்மை முட்டாளாக்க இந்தக் கடைக்காரக் கூட்டமே கூடிக் கட்டிய கதை.

அவள் கட்டுப் போட்ட கையோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். ஏன் காட்டிக்கொடுக்கவில்லை?

மார்ச் 8
வேலை முடித்துக் கொடுத்துவிட்டான். அவள் கையில்தான் கொடுத்தானாம். "பெரிய கடைக்காரரு மறுபடி ஸ்பானரைத் தொடாம பாத்துக்கம்மா" என்றானாம். திமிர்.

மார்ச் 9, திங்கள்
விடியுமுன் கிளம்பினாள். சைக்கிள் விளக்கு தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். சத்தமே இல்லாமல் போனது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்பானர் வைத்த இடத்தில் இல்லை. நான் தேடவில்லை.