பெயரில்லாத சீட்டு

உங்கள் பிஸ்கட் டின்னை இன்று மதியம் திறந்தேன். மூடி கழன்றதும் நம் வேதியியல் ஆய்வகத்தின் அழுகிய முட்டை வாடை லேசாக வந்தது. உங்கள் கருமாதிக்கு மறுநாள், "இது ஒங்களுக்குத்தான் சார், குடுக்கச் சொன்னாங்க" என்று உங்கள் வீட்டம்மா கொடுத்தது. ஆறு மாதமாகத் திறக்க மனம் வரவில்லை. இன்று வேறு வழி தெரியவில்லை.

உள்ளே அத்தனையும் மாணவர்களின் சீட்டுகள். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுப்பீர்கள். இன்று புரியாதது எது என்று ஒரு வரி எழுத வேண்டும். பெயர் கூடாது. "பேரு கேட்டா எல்லாம் புரிஞ்சுதுன்னுதான் சார் எழுதுவாங்க" என்பீர்கள். கோட்டுச்சேரி பஸ்ஸில் படித்துக்கொண்டே வீட்டுக்குப் போவீர்கள். மறுநாள் பாடம் அதிலிருந்துதான் தொடங்கும்.

"என்ன சார், லாட்டரி ஏதாச்சும் விழுந்துச்சா?" என்று கேலி செய்வேன்.

"விழுந்துச்சே. முப்பது பேருக்கு மோல் கணக்கு புரியலையாம். போன வாரம் அதை நடத்துனது நீங்கதான?"

பிறகு உங்களுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு வாரம் உங்கள் வகுப்பை நான் பார்த்துக்கொண்டேன். நானும் சீட்டு வாங்கினேன். சட்டைப்பையில் வைத்தேன், மறந்துபோனேன். துவைத்து வந்த சட்டையில் ஒரு வெள்ளை உருண்டைதான் மிச்சம். அந்த வாரத்தோடு காரைக்கால்மேட்டு மாணவி ஒருத்தி கல்லூரிக்கு வராமல் நின்றுவிட்டாள். கறுப்புக் கண்ணாடியோடு மீன் ஏலத்துக்கே அவளைத் தேடிப் போனீர்கள், என்னையும் இழுத்துக்கொண்டு. கூடையைத் தலைக்கு ஏற்றியபடியே அவள் சொன்னாள்: "எழுதித்தான சார் குடுத்தேன். யாரும் ஒண்ணும் கேக்கலையே."

அவள் திரும்பவே இல்லை. வரும் வழியில் நீங்கள் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஓய்வுபெற்ற என்னை இப்போது கல்லூரியில் ஆள் போதவில்லை என்று மறுபடி கூப்பிட்டார்கள். வாரம் இரண்டு வகுப்பு, நாற்பது பேர். உங்களைப் போலவே சீட்டு வாங்குகிறேன், படிக்கவும் செய்கிறேன். வெள்ளிக்கிழமை வந்ததில் ஒன்று: "எனக்கு இது வராது சார். திங்கக்கிழமை டி.சி. கேட்டு எழுதிக் குடுக்கப் போறேன்." பெயர் இல்லை. இன்று ஞாயிறு.

காலையிலிருந்து என் வகுப்பின் பழைய சீட்டுகளைத் தரையில் பரப்பி, கையெழுத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதே கை இன்னும் நான்கு சீட்டில் இருந்தது. நான்கிலும் ஒரே கேள்வி: "மடக்கை எதுக்கு சார்? நான் பிளஸ் டூல கணக்கு எடுக்கல." அமிலத்தின் அளவைச் சொல்லும் பி.எச். கணக்கில் அந்த லாகரிதம் வருகிறது. நான்கு முறையும் படித்தேன். ஒருவருக்காக மற்றவர்களை நிறுத்தி வைப்பதா என்று ஒதுக்கினேன். அன்று படிக்காமல் ஒருத்தியை இழந்தோம். இன்று படித்துவிட்டு இழக்கப் போகிறேன்.

உங்கள் டின்னில் ஏதாவது வழி இருக்குமா என்று தேடினேன். ஒவ்வொரு சீட்டிலும் பதில் சொல்லியாயிற்று என்று ஒரு சிவப்பு டிக் மட்டும். ஒரே ஒருவர் கேட்ட கேள்விக்கும்.

வகுப்பில் கெட்டிக்காரியான பெண்ணுக்குப் போன் செய்தேன். "யாருன்னு தெரியல சார். கணக்கு எடுக்காதவங்களே பாதிப் பேரு இருக்கோம்" என்றாள்.

"நீயுமா? அப்ப நீ ஏம்மா எழுதல?"

"எழுதி என்ன சார்" என்றாள்.

நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? மடக்கை என்ற சொல்லையே எடுக்காமல் எலுமிச்சம்பழம் நறுக்குவீர்கள். ஒரு பாட்டில் மூடி சாறு, ஒன்பது மூடி தண்ணீர். அதில் ஒரு மூடி எடுத்து அடுத்த டம்ளரில், மறுபடி ஒன்பது மூடி தண்ணீர். ஒவ்வொரு டம்ளருக்கும் புளிப்பு பத்தில் ஒன்றாகும். எத்தனை தடவை பத்தால் வகுத்தோம் என்று எண்ணச் சொல்வீர்கள். அந்த எண்ணிக்கைதானே மடக்கை. "மொதல்ல நாக்குக்குப் புரியட்டும் சார்."

ஐந்து டம்ளரும் பழமும் பையில் வைத்துவிட்டேன். நாளை என் வகுப்பு ஒன்பதரைக்கு. அலுவலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும். நடுவில் இருக்கும் அந்த அரை மணி நேரம்தான் என்னிடம் உண்டு, அந்தப் பிள்ளை வகுப்புக்கு வந்தால்.

சீட்டு சட்டைப்பையில் இருக்கிறது. அதன் மேலிருந்து கையை எடுக்கப் பயமாக இருக்கிறது.