மூச்சை விடுங்க

மார்ச் 3, ஞாயிறு

ஒரே ஓவரில் பதினோரு வைடு. நடுவராக நின்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநர் இரண்டு கைகளையும் விரித்து விரித்து ஓய்ந்துபோய், “அக்கா, தோள்பட்டை கழண்டுடும் போல. ஒண்ணாவது நேரா போடுங்க” என்றார். மருத்துவமனைப் பெண்கள் அணியின் மானத்தை எக்ஸ்ரே பிரிவுக்காரி ஒருத்தி வாங்கிவிட்டாள். அந்த ஒருத்தி நான்தான்.

மார்ச் 4

அண்ணிதான் கேப்டன். மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக்கொண்டே, “ப்ராக்டீஸ்ல நல்லாத்தானே போடுற? மேட்ச்சுல யோசிக்காத, அவ்ளோதான்” என்றார்.

யோசிக்கக் கூடாது என்று நாள் முழுக்க யோசித்தேன்.

மார்ச் 6

பந்து ஸ்டம்பில் படுவதை மனக்கண்ணில் பார்க்க வேண்டுமாம். கணவர் ஏதோ வீடியோவில் கேட்டாராம். பேருந்தில் கண்ணை மூடிப் பார்த்தேன். மனக்கண்ணிலும் வைடு. இறங்க வேண்டிய நிறுத்தமும் போயிற்று.

மார்ச் 7

எங்கள் கடைசி ஓவர் பந்துவீச்சாளர், பிசியோதெரபி பெண், படியில் கால் பிசகி என்னிடமே படம் எடுக்க வந்தாள். எலும்பு முறியவில்லை. ஆனாலும் பத்து நாள் ஓய்வு. ஞாயிறு எதிர்த்தெரு லேப் அணியோடு ஆட்டம்.

“என்னை விட்டா ஆளே இல்லையா அண்ணி?”

“இருந்தா உன்கிட்ட ஏன் வர்றேன்?”

மார்ச் 8

ஒரு தபால்காரருக்கு நெஞ்சுப் படம். “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்றேன். ஞாயிறு ஓவர் மனசுக்குள் ஓடியதில் ‘விடுங்க’ சொல்ல மறந்தே போனேன். பாவம், முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்த பிறகு, “மேடம்... விடலாமா?” என்றார்.

அப்போதுதான் உறைத்தது. ஓடத் தொடங்கியதிலிருந்து பந்து கையை விட்டுப் போகிறவரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தோள் கல்லாகாமல் என்ன செய்யும்? ‘விடுங்க’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டால் என்ன?

மாலை மொட்டைமாடியில் பத்துப் பந்து. எட்டு நேர். அதில் ஒன்று கணவரின் முழங்காலில் — அதுவும் நேர்தான்.

மார்ச் 10, ஞாயிறு

கடைசி ஓவரில் லேப் அணிக்கு எட்டு ரன் தேவை. முதல் பந்து வைடு. போன பந்தை நினைத்துக்கொண்டே அடுத்ததையும் கெடுப்பதுதானே என் வழக்கம்? கொஞ்சம் நின்றேன். போனது போகட்டும். ஓடினேன், மூச்சை விட்டேன், தொழில் பழக்கத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டேன்: “விடுங்க.”

எதிரே மட்டையோடு நின்ற, ரத்தம் எடுக்கும் பெண், மரியாதையாக மட்டையைத் தூக்கிப் பந்தை விட்டுவிட்டாள். நடு ஸ்டம்ப் சாய்ந்தது.

“அவங்கதானே விடச் சொன்னாங்க” என்று அவளுக்கு அழாத குறை.

நடுவர் தலையைச் சொறிந்தார். “இது செல்லாதுக்கா. திரும்பப் போடுங்க. வாய மூடிக்கிட்டுப் போடுங்க.”

மனசுக்குள் சொல்லியே ஆறு பந்தும் போட்டேன். ஆறும் நேர். நேராக வந்ததால் அவர்களும் வாகாக அடித்தார்கள். கடைசிப் பந்தில் தோற்றோம்.

அண்ணி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். “போன வாரம் நாமளே தூக்கிக் குடுத்தோம். இன்னிக்கு அவங்க அடிச்சு வாங்கிட்டுப் போறாங்க. போ, போய் முகம் கழுவு.”

மார்ச் 13

அடுத்த ஆட்டத்துக்கான பட்டியலை அண்ணி மருந்தகக் கதவில் ஒட்டியிருக்கிறார். முதல் ஓவர் எனக்கு. பார்த்தேன், இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் நினைவு வந்தது — பயப்பட மறந்துவிட்டேன்.