நாளைக்கு ரஜா

ஜூலை 9, செவ்வாய் இரவு

நாளை எங்கள் யுகேஜி வகுப்பைப் பார்க்கப் புதுப் பெற்றோர்கள் வருகிறார்கள்.

"ஷெரினை மட்டும் அனுப்ப வேணாம்னு சொல்லிடுங்க மிஸ். கை தட்டினாலே கத்துவா," என்றார் பிரின்சிபால். போன வருடம் அவளைச் சேர்க்கச் சொல்லி இவரிடம் சண்டை போட்ட நான், இன்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மாலை, கேட்டில் அவள் அம்மாவிடம், "நாளைக்கு ஸ்கூல் லீவுங்க," என்றேன்.

"எல்லாருக்குமா மிஸ்?"

"ஆமா."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை!

"நாளைக்கு ரஜாடி," என்று அம்மா மகளின் கன்னத்தைக் கிள்ளினாள். ஷெரின் என் துப்பட்டாவை விடவே இல்லை.

படுத்த பிறகுதான் உறைத்தது. ஸ்ரீராம்புரத்தில் அவர்கள் வீட்டெதிரில்தான் எங்கள் ஸ்கூல் வேன் திரும்பும். நாளை எட்டரைக்கும் திரும்பும், வகுப்புப் பிள்ளைகளோடு. ரஜா நாளில்கூட ஷெரின் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாளாம். அவள் அம்மாதான் சொல்லிச் சிரித்தாள்.