தனிப் பெட்டிக்காரியின் ஏழு கால்கள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், பெரிய கண்ணாடிப் பெட்டியில் நீ விட்டுப்போன ஆறு சிலந்திகளும் சுகம். நீயும் மருமகளும் அங்கே நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குறைவது ஒரே ஒரு கால்தான், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ சுவரில் ஒட்டிய தாளில் தெளிவாகத்தான் எழுதியிருந்தாய். பெரிய பெட்டி டரான்டுலாச் சிலந்திகள் ஒன்றாக முட்டையிலிருந்து வந்து ஒன்றாக வளர்ந்தவை, சேர்ந்து இருக்கும். சின்னப் பெட்டியில் இருப்பவள் வேறு இனம், தனியாகத்தான் இருப்பாள் என்று. ஆனால் பெண்கள் விடுதியில் முப்பது வருஷம் அறை ஒதுக்கிய வார்டனுக்கு ஒரு தாளா பாடம் சொல்வது? யாரை யாரோடு போட்டால் ஒத்துப்போகும் என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன் என்று பீற்றிக்கொள்வேனே, இதற்கு முகம் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் அந்தத் திறமையைக் காட்டினேன். அங்கே ஆறு பேர் ஒரு கரப்பானைச் சுற்றி உட்கார்ந்து பகிர்ந்து தின்கிறார்கள், இவள் மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், மனசு கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் இவளை டப்பாவில் ஏந்திப் பெரிய பெட்டிக்குள் விட்டேன். முதல் நாள் அப்படித்தான் இருக்கும், போகப்போகப் பழகிடும் என்று விடுதிப் பிள்ளைகளிடம் சொல்வதை இவளிடமும் சொன்னேன். அப்பா எட்டிப் பார்த்து, வேலில போற ஓணானை எடுத்து என்று ஆரம்பித்தார், முடிப்பதற்குள் உள்ளே களேபரம். அந்த ஆறு பேர் மேல் தப்பில்லை, அவர்கள் வீட்டுக்குள் ஆளைத் தள்ளியவள் நான். அலறிக்கொண்டு நீளக் கரண்டியால் அவளை வெளியே எடுத்தேன், ஒரு கால் உள்ளேயே நின்றுவிட்டது. இவற்றுக்குத் தீனிப் பூச்சி விற்கும் கடைக்காரர் வந்து பார்த்து, தோலுரிச்சா கால் திரும்ப முளைச்சிடும்மா, கொஞ்ச நாள் சும்மா விடுங்க, அதுதான் மருந்து என்றார். சும்மா விடுவது எனக்குத் தெரிந்த வித்தையா? ஒன்பது நாள் கையைக் கட்டிக்கொண்டு தவித்தேன். நேற்று பார்த்தால் ஏழு காலோடு வலை பின்னித் தன் வாசலை மூடிக்கொண்டு, போட்ட பூச்சியையும் தின்றிருக்கிறாள். மூலையில் உட்கார்ந்தது சோகம் இல்லையாம் கண்ணா, அதுதான் அவள் சுகமாம்.

மாற்றலாகி வந்தால் பக்கத்தில் தனி வீடு எடுக்கட்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தாய். நான் பதில் போடவில்லை. மருமகள் சொல்லிக் கொடுத்ததுதான் என்று அப்பாவிடம் குமைந்தேன், மாடி அறையில் அவள் அலமாரி எந்தச் சுவரில் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன். அவள் இங்கே இருந்த நாலு மாதமும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டதைத் திமிர் என்றே நினைத்தேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பு என்னுடையது, அவளிடம் நான் சொன்னதாகவே சொல். இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு காலியாக இருக்கிறது. நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை, போனால் கட்டிலை எங்கே போடுவது என்று ஆரம்பித்துவிடுவேன். நீங்களே வந்து பாருங்கள்.

இருவரும் ஒருவர் முகம் பார்த்து ஒருவர் சிரித்து நெடுநாள் வாழ வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. புது வீட்டில் மறக்காமல் அழைப்பு மணி வையுங்கள், அடித்துவிட்டுத் திறக்கும்வரை வெளியே நிற்பேன்.

இப்படிக்கு,
வெளியே நிற்கப் பழகிக்கொண்டிருக்கும்
அம்மா