கண் மூடிய மாப்பிள்ளை

மார்ச் 3

அந்தக் கொரியத் தொடரை மறுபடி முதலிலிருந்து போட்டேன். காதலில் தோற்ற இரண்டு பேர், ஒரே ஆபீஸ், ஒருவரை ஒருவர் கண்டாலே ஆகாது. போன வருஷம் அவனோடு பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது பழிவாங்க ஏதாவது யோசனை கிடைக்குமா என்று பார்க்கிறேன். கதாநாயகி எட்டாவது எபிசோடில் மன்னித்துவிடுவாள், லூசு.

மார்ச் 5

அவன் கல்யாணப் படங்கள் எங்கள் ஸ்டுடியோவுக்கே வந்திருக்கின்றன. இரண்டாயிரத்துச் சொச்சம். ஆல்பம் என் தலையில், வீடியோ எடிட்டர் தலையில். அவன் இங்கே கேமராமேனாக இருந்தவன்தான். என்னை விட்டுவிட்டுப் போய்க் கட்டிக்கொண்டது எடிட்டரின் காதலியை. முதலாளிக்கும் தெரியும். தொழில் வேறயாம், அது வேறயாம்.

அவனிடமிருந்து மெசேஜ்: "நீயே செலக்ட் பண்ணிடு. உன் டேஸ்ட் எனக்குத் தெரியும்."

என்ன திமிர் இவனுக்கு! பண்றேன்டா.

மார்ச் 8

அவன் கண் பாதி மூடிய படம், வாய் நிறையச் சாப்பாடு, கொட்டாவி, மூக்கைத் துடைப்பது — நாற்பது பக்கத்துக்கும் தேறிவிட்டது. மணப்பெண் மட்டும் எல்லாப் படத்திலும் அழகாக இருக்கணும். பக்கத்தில் இவன். அப்போதுதான் எடுபடும்.

மார்ச் 10

எடிட்டர் பின்னால் நின்று பார்த்துவிட்டார். முதலாளியிடம் போட்டுக்கொடுப்பார் என்று பயந்தேன். "அவளுக்கும் இதே மாதிரி பாத்துப் போடுங்க" என்றார். முடியாது என்றேன். எனக்கு அவன்மேல் கோபம், அவருக்கு அவள்மேல். மதியம்வரை சண்டை. நாள் முழுக்க என் காதருகே சிப்ஸ் மெல்லுகிற ஆள் எனக்கு நியாயம் சொல்ல வந்துவிட்டார்.

மார்ச் 11

எட்டாவது எபிசோடு. மன்னித்துவிட்டாள். டிவியை அணைத்துவிட்டேன்.

மார்ச் 14

போனால் போகிறதென்று எடிட்டருக்கு ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தேன். அவள் தும்முகிறாள், இவன் கொட்டாவி விடுகிறான். சிரித்ததில் எடிட்டருக்குப் புரையேறியது. அவரும் அந்தத் தொடரைப் பார்த்திருக்கிறாராம். மன்னித்ததுதான் சரியாம்! இவரோடு எப்படிப் பேசுவது?

மார்ச் 20

ஆல்பம் பிரிண்ட் ஆகி வந்துவிட்டது. சனிக்கிழமை மூன்று மணிக்கு வாங்க வருகிறான். பிரிக்கும்போது அவன் மூஞ்சி போற போக்கைப் பாக்கணும். அது போதும் எனக்கு. வேற எதுவும் வேண்டாம்.

மார்ச் 22

மதியம் எடிட்டரும் நானும் வெளியே சாப்பிடப் போனோம். அந்த எட்டாவது எபிசோடில் ஆரம்பித்த பேச்சு, சாப்பிட்டு முடித்தும் ஓயவில்லை. திரும்பி வரும்போது மணி நாலரை. அவன் வந்து, அங்கேயே ஆல்பத்தைப் பிரித்துப் பார்த்து, வாங்கிக்கொண்டும் போய்விட்டான் என்றார் முதலாளி. அப்படியா என்று சொல்லிவிட்டு, எடிட்டரிடம் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வந்தது. அவன் மூஞ்சி எப்படி இருந்தது என்று நான் கேட்கவே இல்லை.